காப்பு விற்று வாங்கிய கார்

ஆண்கள் நாலு பேர் ஒன்றாக அமர்ந்து விட்டால், பேச்சு எங்கு தொடங்கினாலும் கடைசியில் வாகனத்தில் போய்த்தான் நிற்கும். கலியாண வீடாக இருக்கட்டும், பெருநாள் மாலையாக இருக்கட்டும், "முந்தி நம்மட வாப்பாட்ட ஒரு மொறிஸ் மைனர் இருந்திச்சு..." என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும். அடுத்தவர் தன் சாச்சாவின் பியூஜோ 203 ஐக் கொண்டு வந்து நிறுத்துவார். மூன்றாமவர் இளைஞர் என்றால், தான் ஒரு நாளைக்கு வாங்கப் போகும் பிராடோவைப் பற்றி இப்போதே பேச ஆரம்பித்து விடுவார். எத்தனை சீசீ, ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோ மீற்றர், நம்பர் என்ன... எல்லாம் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம்!

உள்ளே இருக்கும் பெண்களுக்கும் அதே கார்கள் ஞாபகம்தான். ஆனால் வேறு விதமாக. "அந்த நீலக் கார்தானே? அதிலதான் மூத்தவளைப் பெற என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது." "அதை வாங்கத்தானே என்ட ஆறு காப்பும் போனது!" ஒரே காரைப் பற்றிய இந்த இரண்டு ஞாபகங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்குச் சரிவரும். ஆண்கள் சொல்லும் பாதியை நாம் கேட்டுக் கேட்டு அலுத்து விட்டோம். மற்றப் பாதியையும் கொஞ்சம் பார்ப்போமே, சகோதரிகளே!

முதற் காரின் பின்னால் ஒரு சீதனம்

பெண்ணின் சொத்தில் கார் வந்தது நமது ஊர்க் கதை மட்டுமல்ல. கார் என்ற ஒன்று உலகத்துக்கு வந்ததே அப்படித்தான். ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் பட்டறை நடத்திய கார்ல் பென்ஸ், தன் பங்காளியோடு ஒத்துப்போக முடியாமல் தவித்தார். அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பேர்தா என்ற பெண், 1872 இல் நடந்த திருமணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்தின் ஒரு பகுதியை எடுத்துக் கொடுத்து, அந்தப் பங்காளியை விலக்க உதவினார். பட்டறை பிழைத்தது. 1886 ஜனவரி 29 இல், பெற்றோலில் ஓடும் மூன்று சில்லு வண்டிக்குக் காப்புரிமைப் பத்திரம் பதியப்பட்டது. பத்திரத்தில் பேர்தாவின் பெயர் இருக்கவில்லை.

வண்டி இருந்தது, நம்பி வாங்கத்தான் ஆளில்லை. 1888 ஓகஸ்ட் மாதத்தில் ஒரு காலை, பேர்தா தன் கணவரிடம் சொல்லாமலே மூத்த பையன்கள் இருவரையும் ஏற்றிக் கொண்டு, சுமார் 100 கிலோ மீற்றருக்கு அப்பாலிருந்த தன் தாய் வீட்டுக்குப் புறப்பட்டு விட்டார். ஒரு கார் இவ்வளவு தூரம் ஓடியது அதுவே முதற் தடவை. வழியில் எண்ணெய்க் குழாய் அடைத்துக் கொண்டது. தொப்பியில் குத்தும் ஊசியால் கிளறி எடுத்தார். மின்கம்பியின் உறை தேய்ந்தது. காலுறைப் பட்டியைச் சுற்றினார். பிரேக் கட்டை தேய்ந்தபோது, சப்பாத்துத் தைப்பவரிடம் போய் அதற்குத் தோல் வைத்து அடிப்பித்துக் கொண்டார். எரிபொருள் தீர்ந்ததும், வீஸ்லொக் என்ற ஊரின் மருந்துக் கடையில், கறை நீக்குவதற்காக விற்கப்பட்ட திரவத்தை வாங்கி ஊற்றினார். தாய் வீட்டுக்குப் போவதென்று ஒரு பெண் தீர்மானித்து விட்டால் யார்தான் தடுக்க முடியும்!

அந்தப் பயணத்தின் பின்னர்தான் வண்டிக்குப் பெயர் வந்தது. இன்று பென்ஸ் காரைக் கனவு காணும் நம் வாலிபர்களில் எத்தனை பேருக்குப் பேர்தாவைத் தெரியும்?

துண்டு வைத்துத் தைத்த கார்

நமது நாட்டில் பழைய கார் என்றதும் முதலில் வாயில் வருவது மொறிஸ் மைனர். பாடசாலை அதிபர், டிஸ்பென்சரி டொக்டர், புடவைக்கடை முதலாளி ஆகியோரின் கார் அது. 1948 இல் லண்டன் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. அதை அமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். துருக்கியின் இஸ்மிர் நகரில் 1906 இல் பிறந்து, யுத்தம் காரணமாக 1922 இல் குடும்பத்தோடு ஊரை விட்டு வெளியேறியவர்.

மாதிரிக் கார் தயாரான பிறகும் அவருக்குத் திருப்தியில்லை; ஒடுக்கமாகத் தெரிந்தது. முன்னிருந்து பின்வரை அதை இரண்டாக அறுப்பித்து, இரண்டு பாதிகளையும் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி வைத்துப் பார்த்தார். நாலு அங்குலம் விலகியபோதுதான் மனம் ஒப்பியது. மொறிஸ் மைனரின் பொனட்டின் நடுவே நீளமாக ஒரு தட்டையான பட்டி ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். அது அந்த நாலு அங்குலம்தான். பம்பர்கள் முன்பே செய்து முடிந்திருந்தபடியால், ஆரம்பகாலக் கார்களில் அவற்றையும் நடுவே வெட்டி ஒரு துண்டு வைத்துப் பொருத்தினார்கள். தைத்து முடித்த சட்டை இறுகினால் நாம் பக்கத்தில் ஒரு துண்டு வைத்துத் தைப்பதில்லையா? அதே வேலை!

கம்பனியின் தலைவர் நஃபீல்ட் பிரபுவுக்கு இந்தக் கார் பிடிக்கவே இல்லை. ஓடில்லாமல் அவித்த முட்டை மாதிரி இருக்கிறதென்று கேலி செய்தாராம். அந்த முட்டைதான் பத்து இலட்சத்தை எட்டிய முதலாவது பிரிட்டிஷ் காராயிற்று. 1960 இன் இறுதியில் அந்தத் தொகை நிறைந்ததைக் கொண்டாட, ஏறத்தாழ 350 கார்களுக்கு இளம் ஊதா நிறம் பூசி, உள்ளே வெள்ளை இருக்கைகள் வைத்து விற்றார்கள்.

பிறந்த நாட்டில் உற்பத்தி 1970 களின் தொடக்கத்தில் நின்று விட்டது. ஆனால் 1990 களில் அதன் தகடுகளும் பாகங்களும் தென்னிலங்கையில் செய்யப்பட்டு பிரிட்டனுக்கே ஏற்றுமதியாயின. நமது பாஸ்மாரின் கைத்திறன் அப்படி! அது வந்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

நகையோடு நகையாக

பழைய கார்கள் இங்கு இத்தனை காலம் ஓடியதற்கு அன்பு மட்டும் காரணமல்ல. 1960 களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி தட்டுப்பாடானதும் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977 இல் பொருளாதாரம் திறந்து விடப்படும்வரை அந்த இறுக்கம் தொடர்ந்தது. ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம்! இருந்த காரை வைத்துத்தான் நாடு ஓடியது. பாகம் கிடைக்காவிட்டால் கராஜில் அடித்துச் செய்தார்கள். ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றுக்குப் பூட்டினார்கள். ஆங்கில எழுத்து நம்பரா, ஸ்ரீ நம்பரா என்று பார்த்தே காரின் வயதைச் சொல்லி விடுவார்கள். (அந்த 'ஸ்ரீ' எழுத்தால் 1958 இல் நாடு பட்ட பாடு தனிக்கதை.)

இதனால் நடந்ததென்ன? மற்ற நாடுகளில் கார் வாங்கிய மறுநாளே விலை குறையத் தொடங்கும். இங்கோ அது குறைய மறுத்தது. சில வேளை கூடவும் செய்தது. ஆகவே கார் என்பது நம் வீடுகளில் ஏறிப்போகும் சாமான் மட்டுமல்ல, தங்கம் மாதிரி ஒரு சேமிப்பாகவும் ஆகிவிட்டது. மகளின் கலியாணம் வந்தால் காரை விற்கலாம். வியாபாரம் படுத்தால் காரை விற்கலாம். "காரில போட்ட காசு வீணாப் போகாது" என்று வாப்பாமார் உம்மாமாரிடம் சொன்னது பொய்யல்ல. அதை நம்பித்தான் காப்பும் அட்டியலும் அலுமாரியிலிருந்து வெளியே வந்தன.

ஆனால் ஒரு வித்தியாசத்தை யாரும் சொல்லவில்லை. காப்பு விற்கப்பட்டால் அது அவளுடைய காப்பு. கார் விற்கப்பட்டால் அது அவருடைய கார்.

இரண்டும் போன நாள்

கார் ஞாபகம் என்று பேசும்போது வடபுலத்துச் சகோதரிகளை மறந்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டதும் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் போவது நின்றது. ஆனாலும் ஒஸ்டின் ஏ-40 களும் மொறிஸ் மைனர்களும் ஓடின, மண்ணெண்ணெயில்! குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே காபரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோலை விட்டு முடுக்கி, இயந்திரம் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பழைய இயந்திரங்களில் அமுக்கம் குறைவு. அதனால் அவை அந்த எண்ணெயைத் தாங்கிக் கொண்டன. புதிய ஜப்பான் கார்கள் மூலையில் கிடக்க, கிழட்டுக் கார்கள் புகை கக்கிக் கொண்டு நோயாளிகளையும் மணமக்களையும் சுமந்தன.

அதே ஆண்டு ஒக்டோபர் 30 இல், யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் அந்நாட்களில் விரட்டப்பட்டோர் சுமார் 75,000 பேர். வீடு, கடை, வாகனம் யாவும் அப்படியப்படியே நின்றன. வழியில் நடந்த சோதனையில் பெண்களின் நகைகளும் பறிக்கப்பட்டன, காதுத் தோடு உட்பட. காப்பும் போயிற்று; காப்பு விற்று வாங்கிய காரும் போயிற்று.

புத்தளம் பக்கத்து முகாம்களில் முதுமையடைந்த பெரியவர்கள் சிலருக்கு, பேரப்பிள்ளையின் டெலிபோன் நம்பர் ஞாபகத்தில் நிற்பதில்லை. 1990 இல் விட்டு வந்த காரின் நம்பரைக் கேளுங்கள், யோசிக்காமல் சொல்வார்கள்.

அரபியின் காரோடு ஒரு படம்

1977 இற்குப் பிறகு இரண்டு கதவுகள் ஒன்றாகத் திறந்தன. ஒன்றால் ஜப்பான் வாகனங்கள் உள்ளே வந்தன. மற்றதால் நம் ஆண்களும் பெண்களும் மத்திய கிழக்குக்கு வெளியே போனார்கள். போன ஆண்களில் கணிசமானோருக்குக் கிடைத்த வேலை வீட்டுச் சாரதி. சவூதி அரேபியாவில் 2018 ஜூன் 24 வரை பெண்களுக்குக் கார் ஓட்ட அனுமதி இருக்கவில்லை. மதாமைக் கடைக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கும் கொண்டு போக வீட்டுக்கொரு சாரதி தேவைப்பட்டார்.

அந்தக் காலத்து அல்பங்களைத் திறந்து பாருங்கள். லேண்ட் குரூசரிலோ பெரிய அமெரிக்கக் காரிலோ சாய்ந்து, கறுப்புக் கண்ணாடி போட்டு நிற்கும் ஒரு படம் கட்டாயம் இருக்கும். கார் கபீலுடையது. கண்ணாடி மட்டும்தான் அவருடையது! ஊரில் மனைவி அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினாள். நோன்புப் பெருநாளைக்குப் புடவைக் கடைக்கு அவள் போனதோ பஸ்ஸில் நின்றுகொண்டு. கனவுக் காரைத் தினமும் கழுவித் துடைத்து ஓட்டிய ஒருவர், தன் மனைவியை ஒரு நாளும் அதில் ஏற்றியதில்லை என்பதை நினைத்தால் எனக்கு அந்தப் படங்கள் மேல் கோபம் வருவதில்லை, பரிதாபம்தான் வருகிறது.

அப்படிச் சேர்த்த காசில் பலர் ஊருக்குத் திரும்பி வாங்கியது கார் அல்ல, வான். இது கவனிக்க வேண்டியது. கார் ஒரு ஆளின் ஆசை. வான் ஒரு குடும்பத்தின் கணக்கு. ஹயஸ், டெலிக்கா, லைட்ஏஸ்... 'டொல்பின்' என்று சனங்கள் செல்லப்பெயர் வைத்த ஹயஸ் ஊருக்குள் வந்தால் சின்னவர்கள் பின்னால் ஓடுவார்கள். ஓய்ந்த நேரத்தில் வாடகைக்கு ஓடும். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும். ஜன்னல்களுக்குத் திரை போட்டு, உம்மும்மா, மாமி, ராத்தாமார், கைக்குழந்தைகள், புரியாணிச் சட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போகலாம். கிழக்கே நெல் வயல் ஊர்களில் அதற்கு முன்பு இந்த வேலையைச் செய்தது உழவு மெசினின் பெட்டிதான். மழை வந்தால் எல்லோருக்கும் ஒரே படங்கு!

திரை போட்ட வானில் ஏறித்தான் நம் உம்மாமார் பலர் முதன்முதலாகத் தேயிலைத் தோட்டத்தைக் கண்டார்கள். (வெள்ளை வான் என்ற சொல் பின்னர் இந்நாட்டில் ஆட்கடத்தலின் பெயராகிப் போனதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.) பெண்களிடம் பழைய வாகனக் கதை கேட்டால், அதிகம் சிரித்துக் கொண்டு சொல்வது வான் கதைதான். யார் வாந்தியெடுத்தது, எந்த வளைவில் சட்டி கவிழ்ந்தது, எந்த மாமிக்கு ஜன்னலோரம் கொடுக்காமல் கோபம்... எஞ்சின் எத்தனை சீசீ என்று ஒருத்திக்கும் தெரியாது.

மீண்டும் மூடிய கதவு

1960 களின் கதை திரும்பி வருமென்று யார் நினைத்தார்கள்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடங்களில், ஓடிக் களைத்த சிறு கார்கள்கூட வாங்கிய விலையை விடக் கூடிய விலைக்குக் கைமாறின. "பார்த்தீங்களா, நான் அப்பவே சொன்னேனே!" என்று மார்தட்டிய கணவன்மார் எத்தனை பேர்!

ஆனால் 2022 அந்தப் பெருமையை அடக்கியது. ஜூன் மாத இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபா. காசிருந்தாலும் எண்ணெய் இல்லை. இரண்டு நாள், மூன்று நாள் என்று வாகனத்துக்குள்ளேயே ஆண்கள் தூங்கினார்கள். வீட்டிலிருந்து சோற்றுப் பார்சலும் ஃபிளாஸ்க்கில் தேநீரும் போயின. பிறகு கியூஆர் முறை வந்து, வாரத்துக்குக் காருக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4 என்று அளந்து கொடுத்தார்கள். முற்றத்தில் பளபளவென்று கார் நிற்க, கர்ப்பிணியை மாதாந்தக் கிளினிக்குக்குக் கொண்டுபோக ஓட்டோக்காரரிடம் கெஞ்சிய வீடுகள் உண்டு.

இறக்குமதி திறந்த பிறகும் வரிகள் கடுமை. ஆகவே இன்றும் சராசரிக் குடும்பத்துக்குக் காரென்றால் ஒன்றில் லீசிங், இல்லையேல் நகை, அநேகமாக இரண்டும். முற்பணத்துக்கு நகை போகிறது, மாதத் தவணைக்குச் சம்பளம் போகிறது. வாகனப் பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர். பதிவு செய்த உரிமையாளர் என்ற இடத்தில் கணவரின் பெயர். முற்பணம் கொடுத்தவளின் பெயருக்கு அந்தப் புத்தகத்தில் இடமில்லை. 1886 இன் பத்திரம் போலவே!

இதைச் சண்டை மூட்டுவதற்காக எழுதவில்லை. மஹரும் நகையும் பெண்ணுக்கே சொந்தம் என்பது நமக்குப் புதிய செய்தியா? அவள் மனமுவந்து கொடுத்தால் கொடுக்கட்டும். ஆனால் அது அன்பளிப்பா, கடனா என்பதை விற்பதற்கு முன்பு இருவரும் பேசிக்கொள்வதில் என்ன வெட்கம்? இரண்டு வரியில் ஒரு கடதாசியில் எழுதி வைத்தால் அதற்காக அன்பு குறைந்து விடுமா? அல்லது பதிவையே மனைவியின் பெயரில் செய்தால் காரின் வேகம் குறைந்து விடுமா?

மாப்பிள்ளைக்குக் கார் கொடுக்கும் வழக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த வழக்கமே ஒழிய வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதைப் பிறிதொரு சமயம் பேசலாம். ஆனால் கொடுத்தே விட்ட குடும்பங்கள் ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலியை எப்படிச் சொல்கிறது? மணமகளின் பயனுக்கென மணமகனிடம் கொடுக்கப்படும் பணம் அல்லது அசையும் பொருள் என்றே சொல்கிறது. கார் அசையும் பொருள்தானே, சந்தேகமென்ன! பிரச்சினை என்று வந்தால் அதைத் திரும்பக் கோரும் மனுவைக் காதியார் விசாரிக்கலாம். அப்போது கையில் ஒரு துண்டு எழுத்தாவது இருக்க வேண்டும். "மாமா தந்த கார்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர், காதியாரின் முன்னால் "நான் வாங்கிய கார்" என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்?

அவர்களின் கனவுக் கார்

இதை எழுதுவதற்காகத் தெரிந்த பெண்கள் சிலரிடம், "உங்களுக்கு எந்தக் கார் ஆசை?" என்று கேட்டேன். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தரும் இந்தக் கேள்வியை அவர்களிடம் கேட்டதில்லையாம்!

ஆசிரியையான ஒரு ராத்தாவுக்கு வெகன் ஆர் போதும். "லைசன் எடுத்து ஏழு வருஷம். இன்னும் அவர் பக்கத்தில இருக்காம நான் ஓட்டினதில்ல. பெரிய காரா இருந்தா இன்னும் தரமாட்டார்." மூன்று பிள்ளைகளின் தாய் ஒருத்தி, பெயர் தெரியாது, ஆனால் பின் கதவு தானாகத் தள்ளித் திறப்பதாக இருக்க வேண்டும் என்றாள், ஒரு கையில் பிள்ளை, மறு கையில் பை. பல்கலைக்கழகம் போகும் ஒரு பிள்ளை மின்சாரக் காரின் பெட்டரி, சார்ஜ், கிலோ மீற்றர் என்று ஆண்களையே மிஞ்சும் விதத்தில் கால் மணி நேரம் பேசினாள்.

எங்கள் பெரியம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. அவர் மட்டும் யோசிக்காமல் பதில் சொன்னார். "பேர் என்னவா இருந்தாலும் பறவாயில்ல மகள். படி பதிவா இருக்கணும். அந்த டொல்பின்ல ஏறப் போயித்தான் என்ட இந்த முழங்கால்..." என்று சாரியை லேசாக உயர்த்தித் தழும்பைக் காட்டினார். வாகனத்தை விற்று இருபது வருடமாகிறது. நம்பரைக் கேட்டேன், அது தெரியாதாம்.